மன்றத்துப் பையன்கள்

கட்அவுட்டின் தோளில் ஏறி நின்று பால் ஊற்றும் பையனைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் வரும். "இவனுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" டீக்கடை பெஞ்சிலும் இதே கேள்விதான். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. அந்தப் பையன் அங்கே வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். சம்பளம் கிடையாது, அவ்வளவுதான். அந்த வேலையை நம்பி ஒரு பெருந்தொழில் நடக்கிறது. ஒரு காலத்தில் ஓர் ஆட்சியே அதன் தோளில் ஏறி வந்தது.

பெரிய நடிகரின் படம் வெளியாவதற்கு முந்தைய இரவு ஒரு நடுத்தர ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மைதா மாவில் பசை காய்ச்சி, பக்கெட்டில் எடுத்துக்கொண்டு போஸ்டர் ஒட்ட ஒரு குழு கிளம்பும். தியேட்டர் வாசலில் சவுக்குக் கழி கட்டி கட்அவுட்டை நிமிர்த்த இன்னொரு குழு. கொடித் தோரணம், சரவெடி, திருஷ்டிப் பூசணிக்காய், பேண்டு செட், ஆள் உயர மாலை, ஒவ்வொன்றுக்கும் ஒருவன் பொறுப்பு. தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்வார்கள். போதாததற்கு உள்ளூர்க் கடைக்காரர்களிடம் போவார்கள். பால் மட்டும் சில ஊர்களில் வேறு வழியில் வந்துவிடும். விடியற்காலையில் கடை வாசலில் இறக்கிவைத்த பாக்கெட்டுகள் காணாமல் போகின்றன என்று பால் முகவர்கள் சங்கம் போலீஸ் வரைக்கும் போனதுண்டு. அது திருட்டுத்தான், அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் மற்ற வேலைகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பத்து இருபது பேரைச் சேர்த்து, பணம் திரட்டி, தியேட்டர் மேனேஜரோடு பேசி, போலீஸ் அனுமதி வாங்கி, ஓர் இரவுக்குள் ஒரு தெருவையே திருவிழாக் கோலத்துக்குக் கொண்டுவர ஓர் ஆற்றல் வேண்டும்.

அந்தத் தெருவில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே முக்கால் இடத்துக்கு நடிகர். அவர் தோளுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் மாவட்டத் தலைவர். அடியில் இரண்டு மூன்று வரிசையாக, பாஸ்போர்ட் படம் அளவுக்குப் பையன்களின் முகங்கள். ஒருவன் கூலிங் கிளாஸ் போட்டிருப்பான், ஒருவன் செல்போனைக் காதில் வைத்திருப்பான், ஒருவன் கை கூப்பியிருப்பான். பெயருக்கு முன்னால் வெல்டிங், ஆட்டோ, பூக்கடை என்று தொழிலே அடைமொழியாக நிற்கும். யார் படம் முதல் வரிசையில், யார் படம் கொஞ்சம் பெரிதாக என்பதில் பேனர் அடிக்கும் கடையிலேயே சண்டை வரும். கூடப் பணம் கொடுத்தவன் முன்னால் வருவான். மூலையில் ரசிகர் மன்றத்தின் பெயர், கிளை, பதிவு எண்.

அந்த முகங்களை அந்த ஊர் வேறு எங்கே அச்சடித்து வைத்திருக்கிறது? கல்யாண பேனரிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் தவிர இந்தப் பையன்களின் படம் பொதுவெளியில் வராது. கோயில் கமிட்டியில் இடம் கிடையாது. கூட்டுறவு சங்கம், வணிகர் சங்கம், ரோட்டரி என்று எதிலும் இவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மன்றத்தில் சேர்ந்தால் துணைச் செயலாளர், பொருளாளர் என்று பெயருக்குப் பின்னால் ஏதோ ஒன்று நிற்கும். பால் ஊற்றுவதை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டால் தமிழ்நாட்டின் கடந்த எழுபது ஆண்டுகள் புரியாது.

கொஞ்சம் பின்னால் போவோம். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். இந்தக் கொட்டகை நம் சமூகத்தில் என்ன செய்தது என்பதை ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981-இல் ஒரு சிறு நூலில் எடுத்துச் சொன்னார். தமிழர் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, டிக்கெட் விலை தீர்மானித்தது. தரை, பெஞ்சு, சேர். காசு கொடுத்தால் பெஞ்சு. தேர் ஓடும் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவனுக்கு இது சாதாரணச் செய்தியா?

அந்தக் கதவு இன்னும் எல்லோருக்கும் முழுதாகத் திறந்துவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். வீடியோ பரவி ஊரே கொதித்தது. அதற்குள் அவர்களை உள்ளே விட்டிருந்தார்கள். ஆனால் டிக்கெட் கையில் இருந்தும் ஒரு குடும்பம் வாசலில் நின்றது நின்றதுதான்.

மன்றம் இல்லாத காலத்தின் உச்ச நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் தலைமுடியைப் பார்த்து ஊரெல்லாம் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டது. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டு இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். பிரிவி கவுன்சில் வரை போய் 1947-இல் விடுதலையாகி வந்தபோது பழைய கூட்டம் இல்லை. அவரை உருகி உருகிக் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை ஊர்வாரியாக எழுதிவைத்த நோட்டுப் புத்தகம்தான் இல்லை.

அந்த நோட்டுப் புத்தகம் எம்.ஜி.ஆரிடம் இருந்தது. 1936-இல் 'சதிலீலாவதி'யில் சின்ன வேடத்தில் தொடங்கியவர், 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார். அவரது எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தின் சின்னத்திலேயே ஓர் ஆணும் பெண்ணும் கட்சிக் கொடியை ஏந்தி நிற்பார்கள். 1958-இல் 'நாடோடி மன்னன்' அந்தச் சின்னத்தோடு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. படம் பார்க்கிறவன் கொடியையும் பார்த்தான். மன்றத்துப் பையன் பகலில் தட்டி கட்டினான், இரவில் கட்சிக்கு வாக்குக் கேட்டான். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் கட்டுப்போட்டுப் படுத்திருந்த எம்.ஜி.ஆரின் படம் போஸ்டராகி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அவர் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அந்தப் போஸ்டரை ஒட்டியவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1972 அக்டோபரில் கட்சி அவரை நீக்கியது. அதே மாதம் 17-ஆம் தேதி புதுக் கட்சி பிறந்தது. ஒரு கட்சி என்றால் கிளை வேண்டும், கிளைச் செயலாளர் வேண்டும், கொடிக்கம்பம் வேண்டும், ராத்திரியில் ஓடியாட ஆள் வேண்டும். பல ஊர்களில் மன்றத்தின் போர்டு இறங்கிக் கட்சியின் போர்டு ஏறியது. ஆட்கள் அதே ஆட்கள். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது, 1977-இல் ஆட்சிக்கு வந்தது. பசை வாளி தூக்கியவர்களில் சிலர் ஊராட்சித் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார்கள். அதற்கு முன்னால் அரசியல் என்பது பெரும்பாலும் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் நடந்தது. அந்தத் திண்ணையில் ஏற முடியாதவன் இந்த வழியாக ஏறினான்.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய நூலில் கறாராக ஒரு கணக்குப் போட்டார். திரையில் ஏழைக்காகச் சாட்டை எடுத்தவரின் ஆட்சியில் சாராய வரி போன்ற சுமைகள் ஏழைகள் மேல்தான் விழுந்தன, பலன் வசதியானவர்களுக்கே அதிகம் போனது, ஆனாலும் ஏழைகளே அவரைக் கும்பிட்டார்கள் என்றார். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தைச் சொல்லி அதை ஒதுக்கிவிடவும் முடியாது. நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கும்பிட்டவன் ஏமாந்தவன் மட்டும் இல்லை. தனக்கென்று ஒரு பதவியும், தாசில்தார் அலுவலகத்துக்குள் நுழையும் தைரியமும் அந்தக் கும்பிடு வழியாகத்தான் அவனுக்குக் கிடைத்தது. 1980-களின் நடுவில் மதுரையில் தங்கி மன்றங்களை ஆராய்ந்த சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளரும் ஏறக்குறைய இதையே பார்த்தார். மன்றத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, முதியவர்களுக்குச் சேலை, ரத்ததானம் என்று அவர்கள் செய்த காரியங்களில், வாங்கும் இடத்தில் இருந்தவர்கள் கொடுக்கும் இடத்துக்கு வந்த பெருமை இருந்தது. கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றியதும் இந்த ஆற்றலை அறிந்துதான்.

ரசிகன் மட்டும்தான் நடிகரைப் பார்த்து மாறினான் என்று நினைக்காதீர்கள். நடிகரையும் அவன் மாற்றினான். 1962-இல் 'பாசம்' படத்தின் முடிவில் எம்.ஜி.ஆர். இறந்துபோவார். ரசிகர்கள் அதை ஏற்கவே இல்லை. 1968-இல் 'ஒளிவிளக்கு' படத்தில் அவர் குடிக்கும் காட்சி வந்தபோது, அவர் உருவமே நான்காகப் பிரிந்து சுற்றி நின்று பாடிக் கண்டிக்கும். குடிக்கிற எம்.ஜி.ஆரைத் திட்டுவதற்கு எம்.ஜி.ஆரைத் தவிர யாருக்கும் தகுதி கிடையாது என்று படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதையே முத்திரையாக வைத்திருந்த ரஜினிகாந்த், 2002-இல் 'பாபா' வந்தபோது பா.ம.க.வின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 2007-இல் 'சிவாஜி'யில் அவர் தூக்கிப் போட்டது சூயிங்கம். அதையும் பையன்கள் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் எல்லா மன்றமும் ஆட்சி ஆகிவிடாது. சிவாஜி கணேசனுக்கு இல்லாத மன்றமா? தனிக்கட்சி கண்டு, 1989-இல் திருவையாற்றில் அவரே தோற்றார். விஜயகாந்தின் மன்றங்கள் 2006-இல் 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிக் கொடுத்தன, 2011-இல் அவர் எதிர்க்கட்சித் தலைவர், 2016-இல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போனது. விஜய் மக்கள் இயக்கத்தினர் 2021-இல் ஒன்பது மாவட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நூறு இடங்களுக்கு மேல் வென்றார்கள். கட்சி தொடங்கியது அதற்குப் பிறகுதான், 2024 பிப்ரவரியில். ரஜினியின் மன்றத்தாரை நினைத்தால் எனக்கு மனது கனக்கும். 1996-இல் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டு இருபது வயதில் காத்திருக்கத் தொடங்கியவனுக்கு, 2020 டிசம்பர் 29-இல் 'அரசியலுக்கு வரவில்லை' என்ற அறிக்கை வந்தபோது நாற்பத்துநான்கு வயது.

இனிப் பணத்தைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய ரசிகன் ஏன் இவ்வளவு வெறியோடு இருக்கிறான் என்பது விளங்கும். தமிழ்நாட்டைச் சென்னை சிட்டி, செங்கல்பட்டு, ஆற்காடு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் படத்தை விற்பார்கள். மினிமம் கியாரண்டி என்றால் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தர் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். முன்பு ஒரு படம் முதலில் பெரிய ஊர்களில் வெளியாகும், பல மாதம் கழித்துத்தான் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு வரும். ஐம்பது நாள், நூறு நாள், வெள்ளிவிழா என்று நிதானமாகப் பணம் வரும். படம் நன்றாயிருக்கிறது என்று வாய்வழியாகப் பரவ நேரம் இருந்தது. 2005-இல் 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியதுதான் அந்த வகையில் கடைசிப் பெரிய சாதனை என்று சொல்லலாம்.

இன்று நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் வெளியிடுகிறார்கள். சில வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடும். ஆகவே போட்ட பணத்தில் பெரும்பங்கை முதல் சில நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும். படம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில் யார் வருவார்கள்? படம் எப்படி இருந்தாலும் வருகிறவன்தான் வருவான். நடிகரின் சம்பளம் அந்தக் கூட்டத்தின் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் அறிமுகக் காட்சிக்கு இவ்வளவு நேரம், இடைவேளைக்கு முன்னால் ஒரு மாஸ் சண்டை, தனியே வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கத் தோதான வசனம். கதைக்கு மிஞ்சும் இடம் குறைந்துகொண்டே போகிறது. ரசிகர் காட்சி டிக்கெட்டைப் பல ஊர்களில் அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் பல மடங்கு வைத்து விற்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பணம் ஒரு கொத்தனார் கையாளின் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். திருட்டுத்தனமாக யாரோ விற்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முதல் நாள் வசூலைப் போஸ்டரில் போட்டுப் பெருமைப்படுகிறவர்களுக்கு அந்த வசூல் எப்படி வந்தது என்று தெரியும்.

நூறு நாள் தேவைப்பட்ட ரசிகன் மூன்று நாளுக்கு மட்டும் தேவைப்படுகிறான். அந்த மூன்று நாளில் அவனிடம் எதிர்பார்ப்பது முன்னைவிடப் பல மடங்கு. வேலை செய்யும் இடமும் மாறிவிட்டது. 2011-இல் தன் நாற்பதாவது பிறந்தநாளையொட்டி அஜித்குமார் மன்றங்களைக் கலைத்தார். மன்றம் போனது, ரசிகன் போகவில்லை. அவன் செல்போனுக்குக் குடிபெயர்ந்தான். டீசருக்கு 24 மணி நேரத்தில் எத்தனை பார்வை, பிறந்தநாளுக்கு எத்தனை லட்சம் ட்வீட், காமன் டிபி, எதிர் நடிகரின் படத்துக்கு எதிர்மறை விமர்சனம், இரவெல்லாம் கலெக்‌ஷன் சண்டை. இதுவும் விளம்பர வேலைதான். விளம்பர நிறுவனத்துக்குக் கொடுத்தால் கோடிகள் ஆகும். இவன் இலவசமாகச் செய்கிறான். 2024 இறுதியில் 'கங்குவா' படத்துக்கு வந்த எதிர்மறை விமர்சனங்களுக்குப் பிறகு, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்களை அனுமதிக்காதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கமே கேட்கும் நிலை வந்தது. இந்தக் காட்டுத்தீயைப் பார்வைக் கணக்குக்காக விசிறிவிட்டதில் தொழிலுக்கே பங்கு உண்டு.

பழைய மன்றத்தை நான் புனிதமாக்கவில்லை. ஆனால் அங்கே கிளைச் செயலாளர் என்று ஒரு பெரியவர் இருந்தார். வரம்பு மீறினால் "தம்பி, நம்ம தலைவருக்குக் கெட்ட பேரு" என்று தட்டிக் கேட்பார். ரத்தம் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நிற்கும். போனுக்குள் அப்படி ஒருவர் இல்லை. பெயர் தெரியாத பையன்கள் பெயர் தெரிந்த பெண்களைத் திட்டுகிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் பழைய மன்றத்துக்கும் சொல்லிக்கொள்ளப் பெருமை இல்லை. மன்றம் ஆண்களின் இடம். பேனரின் அடிவரிசையில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். நடிகைக்குக் கிடைத்த பக்தி எப்படிப்பட்டது என்பதற்குக் குஷ்பு ஒருவரே போதும். அவருக்குத் திருச்சிப் பக்கம் கோயில் கட்டினார்கள் என்பது நாடறிந்த செய்தி. 2005-இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் ஒரு கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்புமாக ஆர்ப்பாட்டம், ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்யும்வரை அலைந்தார். கோயில் கட்டிக் கும்பிட்ட ஊர், அவர் வாயைத் திறந்து பேசியதைப் பொறுக்கவில்லை.

கடைசியாக, உயிர். 2023 ஜனவரி 11 நள்ளிரவில் 'துணிவு' சிறப்புக் காட்சிக்கு வந்த இளைஞர் ஒருவர், கோயம்பேடு அருகே நகரும் லாரிமேல் ஏறி ஆடி, விழுந்து இறந்தார். அந்த ஆண்டிலேயே அதிகாலைக் காட்சிகள் நின்று, முதல் காட்சி காலை 9 மணி என்று ஆனது. 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் இறந்தார், அவருடைய சின்ன மகன் உயிருக்குப் போராடினான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், விஜயைப் பார்க்கக் கூடிய அரசியல் கூட்டத்தின் நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் இறந்தார்கள். யார் பிழை என்பதை விசாரணை சொல்லட்டும். தியேட்டர் வாசலில் பழகிய அதே நெருக்கியடிப்பு அரசியல் மேடைக்கும் வந்துவிட்டது என்பதை மட்டும் நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

ஒவ்வொரு முறையும் சாவுக்குப் பிறகு இரங்கல் அறிக்கை வருகிறது, நிதி வருகிறது. எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் வர வேண்டியவை. கூட்டத்தைக் கூட்டுகிறவர்தான் அதற்குப் பொறுப்பு என்று சட்டத்தில் தெளிவாக எழுதுங்கள். முதல் நாள் வாசலில் தடுப்பும் ஆம்புலன்ஸும் வைக்கும் செலவைத் தயாரிப்பாளர் தன் பட்ஜெட்டில் எழுதட்டும். ரசிகர் காட்சியையும் கவுன்டர் விலைக்கே விற்கட்டும். பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி சொல்ல வீடியோ போடத் தெரிந்த நடிகருக்கு, "லாரிமேல் ஏறாதே, கட்அவுட்டில் ஏறாதே, பெண்களைத் திட்டாதே" என்று ஒரு நிமிடம் பேசவும் தெரியும். படம் வெளியாகும் வாரத்தில், தன் குரலில், தன் முகத்தோடு அதைச் சொல்லட்டும். பையன்கள் வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பையன் இருந்தால் வேலையில்லாதவன் என்று சொல்லாதீர்கள். அந்த பேனருக்கு எவ்வளவு கொடுத்தான், யாரிடம் கொடுத்தான், அவனுக்கு என்ன கிடைத்தது என்று பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.